மெத்தை வாங்கப் போறீங்களா? தராசை எடுத்துட்டுப் போங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல உருட்டுற ஒவ்வொரு கம்பியிலயும் கிரேடு நம்பர் இருக்கு. அந்தக் கம்பியை உருட்டுற ஆளு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுக்குற மெத்தையில ஒரு நம்பரும் கிடையாது. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்ற மொத்த மேட்டரும் இவ்வளவுதான். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க ஒரு பின்னூட்டத்தைப் போட்டுட்டு இதோட கிளம்பலாம். மத்தவங்க வாங்க, கொஞ்சம் கணக்குப் போடுவோம் :-)

மெத்தைக்கெல்லாம் ஒரு பதிவான்னு யாரும் தலையில அடிச்சுக்காதீங்க. ரெண்டு மூணு வருஷத்துல தூக்கிப் போடப்போற செல்போனுக்கு இருபது விமர்சனம் படிக்கிறோம். பிராசசர், ரேம், மெகாபிக்சல்னு மனப்பாடமா ஒப்பிக்கிறோம். வருஷக்கணக்கா முதுகைத் தாங்கப்போற சாமானுக்கு மட்டும் கடையில போய் உள்ளங்கையால ஒரு அமுக்கு. "நல்லா கெட்டியா இருக்கு, வண்டியில ஏத்துங்க." முடிஞ்சது வியாபாரம்.

நமக்கு ஊரு கவரைப்பேட்டை பக்கம். காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சுட்டு இப்ப பொட்டி தட்டுறவன். படிச்சதுல வாழ்க்கைக்கு உருப்படியா உதவுனது ரெண்டே விஷயம். ஒண்ணு, எதையும் அளந்து பாருன்னு லேப்ல திட்டித் திட்டிச் சொல்லிக் குடுத்தது. இன்னொண்ணு, அளக்க முடியாததைப் பெருசாப் பேசுறவன்கிட்ட உஷாரா இருக்கறது. மெத்தை வியாபாரத்துக்கு இந்த ரெண்டும் அச்சா பொருந்தும்.

கெட்டி வேற, தரம் வேற

நம்ம ஊர்ல மெத்தை பத்தி எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே விதி, "கெட்டியா இருந்தா முதுகுக்கு நல்லது." அதுக்குத் தோதா கடையில "ஆர்த்தோ"ன்னு கொட்டை எழுத்துல அச்சடிச்ச மெத்தையை எடுத்து வைப்பாங்க. அந்த வார்த்தையை அச்சடிக்க எந்த எலும்பு டாக்டரோட கையெழுத்தும் தேவையில்லைங்க. மை இருந்தா போதும்.

கெட்டி மெத்தைதான் நல்லதான்னு நெஜமாவே சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஸ்பெயின்ல நாள்பட்ட இடுப்பு வலி இருக்கற 313 பேரைப் பிடிச்சு, பாதிப்பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப்பேருக்கு நடுத்தர மெத்தைன்னு குடுத்து 90 நாள் கழிச்சுக் கேட்டாங்க. 2003ல லான்செட் மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு. நடுத்தர மெத்தையில படுத்தவங்களுக்குத்தான் வலி அதிகமா குறைஞ்சிருந்தது. அதாவது கெட்டின்னு நாம தேடுறது, பாறை மாதிரி இல்லாம, இடுப்பு உள்ள புதையாத அளவுக்கு இருந்தா போதும்.

இன்னும் முக்கியமான விஷயம், கெட்டித்தன்மைக்கும் உழைப்புக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. பன்னை விட ரஸ்க் கெட்டி. அதுக்காக ரஸ்க் மேல ஏறி நின்னா தாங்குமா? ஃபோம்லயும் அதே கதைதான். ரசாயனக் கலவையைக் கொஞ்சம் மாத்துனா லேசான ஃபோமைக் கூடக் கெட்டியா ஊத்தலாம். அதே மாதிரி நல்ல கனமான ஃபோமை மெத்துமெத்துன்னும் ஊத்தலாம். கடையில கை வெச்சு அமுக்குனா தெரியறது இன்னைக்கு இருக்கற கெட்டி மட்டும்தான். மூணாவது வருஷம் நடுவுல பள்ளம் விழுமா விழாதான்னு கைக்குத் தெரியாது. அதைச் சொல்றது அடர்த்தி. ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோங்கற அந்த ஒரு நம்பர்.

சோபா தைக்கிறவங்ககிட்ட பேசிப் பாருங்க. "32 டென்சிட்டி போடவா, 40 போடவா சார்?"ன்னு மூச்சுக்கு மூச்சு கேப்பாங்க. அவங்களுக்கு இது தினசரிப் பாஷை. அதே ஃபோமைத் துணியில சுத்தி, பூப்போட்டுத் தைச்சு, மெத்தைன்னு பேரு வெச்சவுடனே அந்த நம்பர் மாயமா மறைஞ்சு போகுது பாருங்க, அங்கதான் இருக்கு சூட்சுமம்.

ஃபோம் எங்கேர்ந்து வருது?

ரொம்ப தூரம் போக வேணாம். முன்னாடி நம்ம திருவள்ளூர் மாவட்டத்தோட இருந்த மணலியில, மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் கம்பெனியில பாலியால் தயாரிக்கிறாங்க. மெத்தை ஃபோமோட பாதி ஜாதகம் அதுதான். இன்னொரு பாதி டி.டி.ஐ.ங்கற ரசாயனம், குஜராத்ல ஜி.என்.எஃப்.சி. கம்பெனி தயாரிக்குது. இது ரெண்டோட தண்ணி கொஞ்சம் சேர்த்துக் கலக்குனா கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பி, இட்லி மாவு மாதிரி பொங்கி மேல வரும். அதுதான் ஃபோம்.

பொங்க வைக்கிற சமாச்சாரத்தை அதிகமாச் சேர்த்தா அதே மூலப்பொருள்ல பெரிய கட்டி கிடைக்கும். உள்ள காத்து அதிகம், சரக்கு கம்மி. ஃபோம்ல விலை உயர்ந்த ஐட்டம் அந்த சரக்குதான். காத்து இலவசம். அதனால அடர்த்தி கம்மின்னா, நீங்க மெத்தைன்னு நினைச்சுக் காத்தைக் காசு குடுத்து வாங்கிட்டு வர்றீங்கன்னு அர்த்தம்.

காத்து அதிகமானா ஃபோம் அறைகளோட சுவர் மெலிசாயிடும். தினமும் ஏறிப் படுத்து எழுந்தா சுவர் மடங்கி மடங்கி உடையும். கம்பியை முன்னும் பின்னும் வளைச்சா முறியுதே, அதே களைப்புதான். சோதனைக்கூடத்துல ஃபோமை 750 நியூட்டன் எடையால, அதாவது சுமாரா 76 கிலோ ஆள் கணக்கா, 80,000 தடவை குத்திப் பாக்கற ஐ.எஸ்.ஓ. சோதனையே இருக்கு. குத்து முடிஞ்சப்புறம் எவ்வளவு உயரம் குறைஞ்சது, எவ்வளவு கெட்டி போச்சுன்னு அளப்பாங்க. பொதுவா அடர்த்தி குறைஞ்ச ஃபோம் இதுல சீக்கிரமே மண்ணைக் கவ்வும்.

கம்பிக்கு ஒரு நியாயம், மெத்தைக்கு ஒரு நியாயமா?

வீடு கட்டுற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. 12 எம்.எம். கம்பி ஒரு மீட்டர் 0.89 கிலோ இருக்கணும். விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162ஆல வகுக்கணும், அவ்வளவுதான் சூத்திரம். 12 மீட்டர் கம்பி ஒண்ணு சுமார் 10.7 கிலோ. அதுல ரொம்பக் குறைஞ்சா மேஸ்திரியே "கம்பி அண்டர் வெயிட்டு சார், திருப்பி அனுப்பிடுங்க"ன்னுடுவாரு. கம்பி மேலயே எஃப்.இ. 500, 500டின்னு கிரேடு புடைச்சுக்கிட்டு நிக்கும். ஐ.எஸ். 1786 முத்திரை கட்டாயம்.

மெத்தைக்கும் தரநிலை இல்லாம இல்லை. வீட்டு மெத்தைக்கான பாலியூரித்தேன் ஃபோமுக்கு ஐ.எஸ். 7933ன்னு ஒண்ணு 1975லயே போட்டிருக்காங்க. ஜி.என்.டி. ரோட்டுல இருக்கற கடைகள்லயும் சரி, திருவள்ளூர் டவுன்லயும் சரி, அந்த நம்பரைப் போட்ட மெத்தையை என் கண்ணால ஒண்ணு கூடப் பாத்ததில்லை. ஒரு கடைக்காரர்கிட்ட "அண்ணே, இது எத்தனை டென்சிட்டி?"ன்னு கேட்டேன். "தம்பி, இது ஹை டென்சிட்டி"ன்னாரு. "ஹைன்னா எத்தனைண்ணே?" "ரொம்ப ஹை!" அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்குறது :-)

பெரிய பிராண்டுகள் மட்டும் யோக்கியமான்னு பாத்தா, நுரை அடுக்குக்கு வாய்ல நுழையாத பேரு நாலு வெச்சிருப்பாங்க. மேகம், ஜெல், நினைவு, விண்வெளின்னு எல்லாம் இருக்கும், கிலோ இருக்காது. ஒரு சில கம்பெனிங்க இணையதளத்துல அடுக்கு வாரியா அடர்த்தியைப் போடுறாங்க. அவங்களுக்கு என் ஓட்டு.

வீட்டுலயே செய்யற கணக்கு

நம்பர் சொல்ல மாட்டேன்னா போகட்டும், நாமளே கண்டுபிடிச்சுக்கலாம். எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

நீளம், அகலம், உயரம் மூணையும் இன்ச்ல அளந்து பெருக்குங்க. வர்றதை 61,000ஆல வகுத்தா கன மீட்டர். மெத்தை எடையை அதால வகுத்தா அடர்த்தி.

உதாரணத்துக்கு ஆறடிக்கு மூணடி, 4 இன்ச் ஒத்தை மெத்தை. 72 x 36 x 4 = 10,368. வகுத்தா 0.17 கன மீட்டர். உறையைக் கழிச்சு ஃபோம் மட்டும் 5.4 கிலோ இருந்தா அடர்த்தி 32. வெறும் 3 கிலோன்னா 18தான். பெரிய கட்டில் மெத்தை, 78 x 60 x 6 இன்ச்னா 0.46 கன மீட்டர். 32 அடர்த்திக்கு 14.7 கிலோ வரணும். 18ன்னா 8 கிலோ சொச்சம்தான் இருக்கும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நின்னா கண்ணுக்கு ஒரே உயரம், ஒரே பூப்போட்ட துணி. தராசுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

தராசுக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க. ஏர்போர்ட்டுக்குப் பெட்டி எடை போடுற தொங்கு தராசு போதும். இல்லைன்னா பாத்ரூம் தராசு மேல நீங்க முதல்ல நில்லுங்க, அப்புறம் மெத்தையைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க, கழிச்சுக்கங்க. கடைக்காரர் ஒரு மாதிரியா பாப்பாரு. பாக்கட்டும். தங்கம் வாங்கும்போது எடை போடச் சொன்னா யாரும் சிரிக்கறதில்லையே.

என் கணக்குப்படி தினமும் படுக்கிற ஃபோம் மெத்தைக்கு 30ஆவது இருக்கணும். ஆள் 80 கிலோவுக்கு மேலன்னா 40 பக்கம் போறது நல்லது. 20க்குக் கீழ இருக்கறது வருஷத்துக்கு ரெண்டு நாள் வர்ற விருந்தாளிக்கு. அதுவும் பிடிக்காத விருந்தாளிக்கு :-)

எடையிலயும் ஏமாத்தலாமே?

கேப்பீங்கன்னு தெரியும். ஏமாத்தலாம்தான். அதனால தராசோட சேர்த்து இன்னும் நாலு விஷயம் பாத்துக்கங்க.

1. சுண்ணாம்புப் பொடி: ஃபோம் ஊத்தும்போதே கால்சியம் கார்பனேட் பொடியைக் கலந்துட்டா எடை ஏறிடும், உழைப்பு ஏறாது. ஜிப்பைத் திறந்து ஓரத்துல விரலால நல்லா தேச்சுப் பாருங்க. மாவு மாதிரி கையில ஒட்டுனா, துணுக்கு துணுக்கா உதிர்ந்தா, வேணாம். ஒரு மூலையை அமுக்கி விட்டா நல்ல ஃபோம் சட்டுனு எழும்பும். பொடி கலந்தது சோம்பேறியா எழும்பும். மெமரி ஃபோமுக்கு மட்டும் இந்த எழும்பற சோதனை பொருந்தாது, அது இயல்பாவே மெதுவாத்தான் எழும்பும்.

2. ரீபாண்டட்: வெட்டி மீந்த ஃபோம் துண்டுகளை அரைச்சு, பசை போட்டு, அழுத்தி ஒட்டுனது. பல நிறத்துல பொரிகடலை உருண்டை மாதிரி இருக்கும். இது 80, 100 அடர்த்தின்னு கனமா, நல்ல கெட்டியாவே இருக்கும். இது மோசம்னு நான் சொல்ல மாட்டேன். அடியடுக்குக்கு நல்ல சரக்குதான். ஆனா இந்த 100ஐயும் சாதா ஃபோமோட 32ஐயும் ஒரே தராசுல வெச்சு ஒப்பிடக்கூடாது. ரீபாண்டட்ல பாக்க வேண்டியது துண்டுங்க ஒட்டியிருக்கற லட்சணம். ஓரத்தைப் பிச்சா கையோட வரக்கூடாது.

3. மேலடுக்கு: அடியில நல்லதைப் போட்டுட்டு மேல ஒரு இன்ச் மட்ட ஃபோமைப் போட்டிருப்பாங்க. முதல்ல பள்ளம் விழறது அந்த ஒரு இன்ச்லதான். எந்த அடுக்கு எத்தனை இன்ச், எத்தனை டென்சிட்டின்னு தனித்தனியா கேளுங்க. ஜிப் இல்லாம நாலு பக்கமும் தைச்சு மூடுன மெத்தைன்னா பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா நடையைக் கட்டுங்க.

4. உயரம்: பொட்டியில சுருட்டி வர்ற மெத்தையைப் பிரிச்சு ஒரு நாள், ரெண்டு நாள் விட்டுட்டு உயரத்தை அளங்க. 6 இன்ச்னு சொன்னது அஞ்சரையில நின்னா, உடனே திருப்பி அனுப்புங்க.

கயிறு, ரப்பர், ஸ்பிரிங்

தேங்காய் நார் மெத்தை, அதாவது நார் மேல ரப்பர் பால் தெளிச்சு வேக வெச்சது, நம்ம கடலோர வெக்கைக்கு ஒரு விதத்துல தேவலை. காத்து உள்ள போய் வரும். ஆனா நார் முறிய ஆரம்பிச்சா நடுவுல தொட்டில்தான். முட்டியை வெச்சு அழுத்திப் பாருங்க. மொறுமொறுன்னு சத்தம் வந்து அடியில தூள் கொட்டுனா ரப்பர் பாலைக் கஞ்சத்தனமா தெளிச்சிருக்காங்கன்னு அர்த்தம். பழவேற்காடு, எண்ணூர் பக்கம் இருக்கறவங்க மாசத்துக்கு ஒரு தடவையாவது மெத்தையை நிமிர்த்தி வெச்சுக் காத்தாட விடணும். ஈரக்காத்து அந்த மாதிரி.

அசல் ரப்பர் லேடெக்ஸ் நல்லா உழைக்கும், ஆனா விலையும் எடையும் பயமுறுத்தும். ஸ்பிரிங் மெத்தையில கம்பியோட கேஜ் கேளுங்க. கேஜ் நம்பர் குறையக் குறையக் கம்பி தடிமன் அதிகம். ஸ்பிரிங் எவ்வளவு நல்லா இருந்தாலும் மேல போட்ட ஃபோம் மட்டமா இருந்தா கதை கந்தல். மறுபடியும் அதே டென்சிட்டி கேள்விக்குத்தான் வரணும்.

பஞ்சு மெத்தைக்காரர் யோக்கியர்

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. கிலோவுல மெத்தை வாங்கறது நமக்குப் புதுசே இல்லை. இலவம் பஞ்சு மெத்தை போடும்போது "எத்தனை கிலோ பஞ்சு?"ங்கறதுதான் முதல் கேள்வி. போடி பக்கத்துலேர்ந்து வந்த பஞ்சுன்னு சொல்லி, கண்ணு முன்னாடி தராசுல நிறுத்து, உறைக்குள்ள அடைச்சுத் தைச்சுக் குடுப்பாங்க. கொட்டை கலந்திருக்கா, கழிவுப் பஞ்சு கலந்திருக்கான்னு பாட்டிங்க கையை விட்டு நோண்டிப் பாப்பாங்க. சில வருஷம் கழிச்சுக் கட்டி தட்டிப் போனா பிரிச்சு, வெயில்ல காயப்போட்டு, அடிச்சு, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைக்கலாம்.

பஞ்சு மெத்தைக்கே எல்லாரும் திரும்பணும்னு நான் கொடி பிடிக்கலை. அதுவும் அமுங்கும், தூக்கிக் காயப்போட ரெண்டு ஆள் வேணும். ஆனா எடை, உள்ள என்ன இருக்கு, ரிப்பேர் பண்ண முடியுமா, இந்த மூணும் வாங்கறவனுக்குத் தெரிஞ்சிருந்தது. ஃபோம் வந்தப்போ சொகுசு வந்துச்சு, இந்த மூணும் போயிடுச்சு. அந்தத் தெருவோர மெத்தைக்காரர்கிட்ட இருந்த வெளிப்படைத்தன்மையைத்தான் ஏசி ஷோரூம்ல கேக்குறேன். பெருசா ஒண்ணும் இல்லை.

வாரண்டி அட்டை

"10 வருஷ வாரண்டி சார்!" அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படிங்க. பெரும்பாலும் இவ்வளவு இன்ச்சுக்கு மேல பள்ளம் விழுந்தாத்தான் குறைன்னு ஒத்துக்குவோம்னு ஒரு வரி இருக்கும். கறை படிஞ்சா செல்லாது, சமமான பலகை மேல போடலைன்னா செல்லாது, வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு இன்னும் சில வரிகள். முதுகு வலிக்க ஒரு இன்ச் பள்ளமே தாராளம். அட்டைக்கு அது கணக்குல வராது.

அதனால வாங்கின அன்னைக்கே உயரத்தை எழுதி வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மெத்தைக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடிச்சு, நடுவுல எவ்வளவு இறங்கியிருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளங்க. பில்லுல டென்சிட்டி எழுதி வாங்கியிருந்தா, பிரச்சனைன்னு வரும்போது நுகர்வோர் உதவி எண் 1915ல பேச உங்க கையில ஒரு ஆதாரம் இருக்கும். "கெட்டியா இருக்கும்னு சொன்னாங்க"ங்கறதை எந்தக் கோர்ட்லயும் அளக்க முடியாது.

படுத்துப் பாக்காம வாங்கலாமா?

"எல்லாம் சரி, படுத்தா தூக்கம் வருதா, அதைப் பாருய்யா"ன்னு சொல்றவங்களுக்கும் பதில் இருக்கு. கண்டிப்பா படுத்துப் பாக்கணும். அடர்த்தி எத்தனை வருஷம் உழைக்கும்னு சொல்லும், உங்க உடம்புக்கு ஒத்து வருமான்னு சொல்லாது. செருப்பைக் கழட்டிட்டு, கூச்சப்படாம பத்து நிமிஷம் படுங்க. மல்லாக்கப் படுத்து இடுப்புக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. கை லொடலொடன்னு போய் வந்தா உங்களுக்கு அது ரொம்பக் கெட்டி. கையே நுழையலைன்னா ரொம்ப மெத்து. ஒருக்களிச்சுப் படுத்தா தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்கணும், முதுகெலும்பு நேரா நிக்கணும். ஒருத்தருக்குக் கெட்டியா இருக்கறது இன்னொருத்தருக்கு மெத்துன்னு இருக்கும். 50 கிலோ அம்மாவும் 85 கிலோ அப்பாவும் ஒரே மெத்தையைப் பத்தி ஒரே தீர்ப்பு சொல்ல மாட்டாங்க.

முதல்ல தராசு, அப்புறம் முதுகு. தராசுல தேறுனதுல மட்டும் படுத்துப் பாருங்க.

லைன் வீட்டு மெத்தை

இதெல்லாம் உனக்கு ஏன்டா இவ்வளவு உறுத்துதுன்னா, காரணம் இருக்கு. எங்க ஏரியாவுல பாதி வீட்டுக்குப் பின்னாடி லைன் வீடுங்க. ஒடிசா, பீகார், மேற்கு வங்காளத்துலேர்ந்து வந்த தம்பிங்க ஒரு ரூமுக்கு நாலு அஞ்சு பேர். உருக்காலை, வார்ப்படம், டயர், பேக்கிங்னு எல்லா வேலையும் அவங்கதான். பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்த மெத்தையில நைட் ஷிஃப்ட் ஆள் வந்து படுப்பாரு. ரோட்டோரத்துல ஆட்டோவுல வெச்சு விக்கிற 2 இன்ச் மெத்தைதான் அவங்களுக்குக் கட்டுபடி.

அந்த 2 இன்ச் ஒத்தை மெத்தை 32 அடர்த்தின்னா 2.7 கிலோ இருக்கணும். ஒரு கையால சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு நடக்கறதைப் பாத்தாலே தெரியும், அதுல பாதிதான் தேறும். அது ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இல்ல, 16 மணி நேரம் அமுங்குது. வருஷத்துக்கு 2,920 மணி நேரத்துக்குப் பதிலா 5,840. எழும்பி மூச்சு விடக்கூட ஃபோமுக்கு நேரம் கிடையாது. தகர ஷீட்டுக்குக் கீழ மே மாச வெக்கை வேற. ஒரு வருஷம் தாங்குனா பெரிசு. அப்புறம் அது ஏரிக்கரையில கிடக்கும், இல்லைன்னா குப்பையோட எரியும். தம்பி புதுசு வாங்குவாரு. மொத்தமா ஆறாயிரம் போட முடியாதவர், வருஷா வருஷம் ஆயிரத்து ஐநூறு போட்டா, நாலே வருஷத்துல அதே ஆறாயிரம். நல்ல மெத்தை அவருக்குக் கடைசி வரைக்கும் கிடைக்காது.

உலைக்கு முன்னாடி நிக்கிற ஆளுக்குத் தூக்கம் சொகுசு சமாச்சாரம் இல்லைங்க. தூக்கம் கெட்டுப் போனவன் அடுத்த ஷிஃப்ட்ல சூடான கம்பிக்குப் பக்கத்துல கண்ணு சொருகி நிக்கிறான். "சேஃப்டி ஃபர்ஸ்ட்"னு கேட்ல போர்டு வெக்கிற கம்பெனிங்க, ஆளுங்களுக்கு ரூம் பிடிச்சுக் குடுக்கற காண்டிராக்டர்கிட்ட மெத்தை எத்தனை கிலோன்னு ஒரு வரி கேட்டா என்ன?

2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் 18,720 பேர் தங்கற பெண் தொழிலாளர் விடுதியைத் திறந்தாங்க. நல்ல விஷயம். அதே மாதிரி கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை பக்கமும் வரணும்னு எனக்கு ஆசை. வரும்போது மெத்தை டெண்டர்ல "நல்ல தரமான கெட்டி மெத்தை"ன்னு மட்டும் எழுதாம, அடுக்கு வாரியா தடிமன், அடர்த்தி, எடைன்னு எழுதட்டும். வந்து இறங்குன லோடுல பத்து மெத்தையை உருவித் தராசுல வைக்கட்டும். கம்பி லோடு வந்தா எடை மேடைக்கு அனுப்புற ஊர் இது. மெத்தை லோடுக்கும் அதே மேடை போதும்.

மொத்தமா வாங்கறவங்க நம்பர் கேக்க ஆரம்பிச்சா, தயாரிக்கிறவன் நம்பர் போட ஆரம்பிப்பான். அவன் போட ஆரம்பிச்சா, ரோட்டோர 2 இன்ச் மெத்தையிலயும் ஒரு நாள் அந்த நம்பர் வந்தே தீரும். அதுவரைக்கும் கடைக்குப் போற ஒவ்வொருத்தரும் "எத்தனை டென்சிட்டி? பில்லுல எழுதிக் குடுங்க"ன்னு கேட்டு வைங்க. பத்துப் பேர் கேட்டா கடைக்காரர் அலுத்துக்குவாரு. நூறு பேர் கேட்டா கம்பெனிக்குப் போன் போடுவாரு.

இப்ப உங்களுக்கு ஒரு ஹோம் ஒர்க். இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு மெத்தையோட நீளம், அகலம், உயரம், எடை, வாங்கின வருஷம், நடுவுல எத்தனை இன்ச் பள்ளம், இதை அளந்து பின்னூட்டத்துல போடுங்க. பிராண்டு பேரு வேணாம். அம்பது பேர் தேறுனா அட்டவணை போட்டு அடுத்த பதிவு எழுதறேன். தங்கமணிகள் "நடுராத்திரியில மெத்தையைத் தூக்கிக்கிட்டுத் தராசு மேல ஏன் நிக்கிறீங்க?"ன்னு கேட்டா, கம்பெனி பொறுப்பல்ல :-)

டிஸ்கி 1: எனக்கு மெத்தைக் கம்பெனி எதுலயும் பங்கும் இல்லை, பங்காளியும் இல்லை.

டிஸ்கி 2: முதுகு வலி வாரக்கணக்கா இருந்தா, காலுக்குப் பரவுனா, மரத்துப் போனா, மெத்தைக் கடைக்குப் போகாதீங்க. டாக்டர்கிட்ட போங்க.

டிஸ்கி 3: தரையில ஃபோம் மெத்தை போட்டுப் படுக்கற பேச்சிலர் மக்களே, கொசுவத்தியைத் தள்ளி வைங்க. ஃபோம் பத்திக்கிட்டா நெருப்பை விட அந்தப் புகை மோசம். விளையாட்டு இல்லை.